கொடியின் நிழல் விழுந்த படம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் கல்லூரி முதல்வர் தவராசா அவர்களே, மாத நினைவுத் திருப்பலியை ஒப்புக்கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் இருக்கும் சக விரிவுரையாளர்களே, வைத்தியசாலைகளில் கடமையை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் எங்கள் பழைய மாணவர்களே, அடுத்த கிழமை முதல் வகுப்புக்கு வரப்போகும் புதிய பிள்ளைகளே, அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் இருக்கும் சூசைதாசன் அண்ணை அவர்களே, மகள் யதுசாவே! உங்கள் இருவரையும் நான் கடைசியாக விளித்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் துணிவு தேவைப்பட்டது.

நான் குகதாசன். இந்தக் கல்லூரியில் உடலமைப்பியல் படிப்பிக்கிறேன். எங்களை விட்டுப் பிரிந்த விரிவுரையாளர் திருமதி றோஸ்மேரி சூசைதாசன் அவர்கள், ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த கதிரையில் இருந்தவர். எக்ஸ்றே எடுக்கவும், இரத்தம் சோதிக்கவும், ஸ்கான் பார்க்கவும் போகிற பிள்ளைகளுக்கு அடிப்படைப் பௌதிகவியலைப் படிப்பித்தவர். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் அவருடைய மாணவராகத்தான் இருப்பார்.

எனக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். ஒருவர் அவரைக் கலங்கரை விளக்கம் என்றார். ஒருவர் உருகிய மெழுகுதிரி என்றார். மூன்றாமவர், "எல்லாம் ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். மன்னிக்க வேண்டும் தந்தையே, ஆண்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அந்தக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் இந்த மேடையில் வரிசையாக இருக்கிறோம். உண்மையைச் சொன்னால், இந்தப் படியில் ஏறும்போது எனக்குத் துக்கத்தைவிட வெட்கம்தான் கூட இருந்தது.

நான் ஏறுவதற்கு முன் யதுசா என்னை வாசலில் மறித்தார். "அங்கிள், அம்மாவைப் புகழுறதுக்குக் கனபேர் இருக்கினம். நடந்ததை ஒராள் எண்டாலும் சொல்லுங்கோ" என்றார். சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு, முதல்வர் அவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போகிறேன். புதிய பிள்ளைகளின் நேரசூசி அச்சாகிவிட்டது. அதில் றோஸ்மேரி மிஸ்ஸின் செய்முறை வகுப்பு இல்லை. அது திரும்பி வர வேண்டும். வராவிட்டால் இந்தக் கூட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

அவையோரே! எங்கள் கல்லூரிக்குப் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்? துள்ளிக்கொண்டா? இல்லை! டொக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை என்ற முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சொந்தக்காரர் கேட்டால், "படிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றுகிற பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். கோபிக்காதீர்கள், என் வீட்டிலும் அதுதான் நடந்தது. இப்படி வந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே பௌதிகவியல் என்றால் எப்படி இருக்கும்? பனங்காய் தலையில் விழுந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும்.

"மிஸ், படம் எடுக்கிற எங்களுக்கு ஏன் மிஸ் பௌதிகம்? பட்டினை அமத்தினாச் சரிதானே?"

றோஸ்மேரி மிஸ் சிரிக்கமாட்டார். "ஓம், சரிதான். அமத்துறதுக்கு உங்களை ஒருத்தரும் கூப்பிடேல்ல. எப்ப அமத்தக்கூடாது எண்டு தெரிஞ்ச ஆள்தான் வேணும். இருங்கோ" என்பார். அதோடு வகுப்புத் தொடங்கிவிடும்.

அவர் எப்படிப் படிப்பித்தார் என்று பழைய மாணவர்களைக் கேளுங்கள். ஸ்கான் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினாரா? கள்ளப்பாடு என்ற மீனவ ஊரின் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்! அவருடைய கணவர் சூசைதாசன் அண்ணையின் மீன்பிடிப் படகில் மீன் கூட்டம் பார்க்கிற கருவி ஒன்று இருக்கிறது. அது ஒலியைக் கடலடிக்கு அனுப்பும். பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்த்து ஆழத்தைச் சொல்லும். பிள்ளைகளை அந்தப் படகில் ஏற்றி, அலைக்கு நடுவில் நின்று சத்தம் போட்டார். "போய்வந்த நேரத்தில பாதிதான் கணக்குக்கு! பாதியாக்க மறந்தா இவரின்ர வலை மணலில கிடக்கும், தாயின்ர வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளை முதுகுக்கு வெளியில நிக்கும்!" அந்தப் பயணம் முழுக்க வாந்தியெடுத்த மேனுகா இன்று கர்ப்பிணித் தாய்மாருக்கு ஸ்கான் செய்கிறார். அதோ, மூன்றாம் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

ஆனையிறவு உப்பளத்திலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவருவார். கல்லூரிக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல். அடர்த்தி பார்க்கும் மிதவைக் கோலை இரண்டிலும் விட்டு, எதில் உயர்ந்து நிற்கிறது என்று பார்க்கச் சொல்வார். பிறகு சிறுநீர்ப் போத்தலை எடுத்து மேசையில் வைப்பார். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். "மூக்கைப் பொத்தினால் கை ஒண்டு குறையும், அளக்க ரெண்டு கையும் வேணும்" என்பார். ஆசிரியர் அறையில் அந்தப் போத்தல்களைத் தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்ததற்காக நான் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவர் தேநீரைத்தான் அங்கால் நகர்த்தினார்.

ஆனால் நான் சொல்ல வந்த வகுப்பு இவை ஒன்றும் அல்ல.

எக்ஸ்றே பழகும் பிள்ளைகளுக்கு அவர் ஒரு செய்முறை வைத்திருந்தார். நன்கொடையாக வந்த எங்கள் பழைய இயந்திரத்தின் கீழ் ஒரு தலையணையை வைப்பார். அதன்மேல் ஒரு பருத்தி நூல், ஒரு பிளாஸ்ரிக் மாலை, தன்னுடைய கொடி. கொடி என்றால் தாலிக்கொடி. கழற்றி வைப்பார்! முதன்முதல் அவர் அதைக் கழற்றியபோது பிள்ளைகள் பதறிப்போனார்களாம். படத்தில் நூல் தெரியாது. பிளாஸ்ரிக் மெல்லியதாகத் தெரியும். தங்கம் பளிச்சென்று வெள்ளையாக விழுந்து, தனக்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் மறைத்துவிடும். "தங்கம் எக்ஸ்றேக் கதிரை உள்ளுக்கு விடாது. அதுக்குப் பின்னால நோய் இருந்தாலும் தெரியாது, கடவுள் இருந்தாலும் தெரியாது" என்பார். தந்தையே, அவர் சொன்னது அப்படித்தான்.

எங்கள் மண்ணில் இது வேறிடங்களைவிட முக்கியம் என்று அவர் அடிக்கடி சொல்வார். எங்கள் சனத்தின் நெஞ்சுப் படத்தை எடுத்தால் உள்ளே செல் பீஸ், போரில் பட்ட எறிகணைத் துண்டு, தெரியாத படம் எத்தனை? வைத்தியர்களுக்கும் கண் பழகிவிட்டது. ஒரு வெள்ளை நிழலைக் கண்டால், இது அந்தக் காலத்துப் பீஸாக்கும் என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். "உள்ளுக்குக் கிடக்கிற இரும்பை எங்களால எடுக்கேலாது பிள்ளையள். வெளியில கிடக்கிறதையாவது கழட்டுவியுங்கோ" என்று அவர் சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அதோடு விட்டாரா? இல்லை! அரைவாசி வகுப்புத்தான் அது. மற்ற அரைவாசியில் அவரே நோயாளியாகக் கதிரையில் இருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் வந்து கொடியைக் கழற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆச்சி ஒருவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சீறுவார். "என்ன தம்பி கதைக்கிறீர்? மனுசன் உயிரோட இருக்கேக்கை கொடியைக் கழட்டச் சொல்லுறீரோ? உம்மட கொம்மாவிட்ட இப்பிடிக் கேப்பீரோ?" பெடியன்கள் வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள். அழுத பிள்ளைகளும் உண்டு. பயப்படாமல், குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்து, கழற்றியதை மகளின் கையிலோ சகோதரியின் கையிலோ கொடுக்கச் சொல்லி, அதுவரைக்கும் கழுத்தில் கட்ட ஒரு மஞ்சள் நூலை நீட்டிக் கேட்கும்வரை அவர் விடமாட்டார். தங்கம் மறைக்கும், நூல் மறைக்காது. ஆச்சியும் வெறுங் கழுத்தோடு நிற்க வேண்டியதில்லை. பௌதிகவியலையும் எங்கள் வழக்கத்தையும் இப்படி ஒரு நூலில் கட்ட வேறு யாருக்குத் தெரிந்தது?

அந்த வகுப்பை நாங்கள் நிறுத்தினோம்.

நாங்கள் என்றால் யார்? கல்விக்குழு. முதல்வர் இருந்தார், நான் இருந்தேன், மேடையில் இருக்கும் இன்னும் சிலர் இருந்தார்கள். செய்முறைக்குப் பரீட்சையில் புள்ளி இல்லை, பிள்ளைகளின் பெறுபேறு குறைகிறது, பெற்றோர் முறைப்பாடு செய்கிறார்கள், குறிப்புக் கொடுத்தால் போதும் என்று முடிவெடுத்தோம். றோஸ்மேரி மிஸ் எழும்பி, "குறிப்பிலை கூச்சம் போகுமோ சேர்?" என்று கேட்டார். எங்களுக்கு அவர் கேட்டது விளங்கவில்லை. விளங்காததை விளங்கிய மாதிரித் தலையாட்டிக் கடந்துபோவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அதே வருடப் பரிசளிப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்! வகுப்பைப் பறித்தவர்கள் பொன்னாடை போர்த்தினோம்! அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே அவர் என் காதுக்குள், "இதுக்குள்ளால எக்ஸ்றே நல்லாய்ப் போகும், பிரச்சினையில்லை" என்றார். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து அவருக்கு இருமல் வந்தது. விடவில்லை. எங்கள் பக்கத்து வைத்தியசாலை ஒன்றுக்கு நெஞ்சுப் படம் எடுக்கப் போனார். அங்கே இயந்திரத்தடியில் நின்றவர் எங்கள் மாணவர். செய்முறை இல்லாமல் குறிப்போடு மட்டும் படித்து வெளியேறிய முதல் அணியைச் சேர்ந்தவர், அந்த அணியிலேயே பரீட்சையில் சிறந்த சித்தி பெற்றவர். அவருடைய பெயரை நான் சொல்லமாட்டேன். அவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். தானாகவே என்னிடம் வந்து நடந்ததைச் சொன்னார். அவரிடம் இருக்கும் நேர்மை எங்கள் கல்விக்குழுவிடம் இருந்திருந்தால் நான் இப்படிப் பேச வேண்டி வந்திராது.

அந்தப் பிள்ளை என்ன செய்தது? மரியாதை செய்தது! மிஸ்ஸை வரிசையில் நிற்க விடவில்லை. நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனது. மின்விசிறியைப் போட்டது. தண்ணீர் கொடுத்தது. கழுத்தில் தடிப்பான கொடி கிடக்கிறது. கழற்ற வேண்டும் என்று தெரியும். தங்கம் எக்ஸ்றேக் கதிர்களை எவ்வளவு உறிஞ்சும் என்று பரீட்சையில் சரியாக எழுதிய பிள்ளை அது. என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சேர், மிஸ்ஸிட்டப் போய்க் கொடியைக் கழட்டுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாய் வரேல்ல சேர். வெளியில அவ்வளவு சனம் நிக்குது. மிஸ்ஸுக்குத் தெரியாததோ, தேவையெண்டா அவாவே கழட்டுவா எண்டு நினைச்சிட்டன்."

படம் எடுத்தாயிற்று. கொடியின் நிழல் நெஞ்சின் மேற்பக்கத்தில் வெள்ளையாக விழுந்தது. வைத்தியர் பார்த்தார். அவரும் றோஸ்மேரி மிஸ் என்றால் எழும்பி நிற்பவர்தான். திரும்ப ஒருக்கால் எடுக்க அனுப்பலாமா என்று யோசித்து, மிஸ்ஸை அலைக்கழிக்கக் கூடாது என்று விட்டுவிட்டார். சளி என்று மருந்து கொடுத்தார்.

நீங்கள் எல்லோரும் இப்போது கேட்க நினைப்பதை நானும் கேட்டேன். றோஸ்மேரி மிஸ்ஸுக்கே தெரியாதா? வகுப்பு வகுப்பாகத் தன் கொடியைக் கழற்றி வைத்துப் படிப்பித்த மனுசிக்குத் தெரியாதா? நோய் தெரிந்த பிறகு வைத்தியசாலை விடுதியில் அவரைப் பார்க்கப் போனபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"தெரியும்" என்றார். "கேக்கிறானோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"கேக்காட்டி நீங்களே கழட்டியிருக்கலாமே மிஸ்?"

மிஸ் சொன்னார். "அவன் அவ்வளவு சந்தோசமா நிண்டவன் சேர். வெளியில நிண்ட சனத்துக்கெல்லாம், இது என்ர மிஸ், என்ர மிஸ் எண்டு சொல்லிக்கொண்டு. அவனுக்கு முன்னால நான் கழட்டினால், நீ பிழை விட்டனி எண்டு அவ்வளவு பேருக்கும் சொல்லுற மாதிரி. எனக்கும் வெக்கமாப் போட்டுது. படிப்பிக்கேக்கை லேசு. நோயாளியா நிக்கேக்கைதான் தெரியுது, எங்களை ஒராள் கேக்கவேணும் எண்டு."

ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு அவரால் போக முடியவில்லை. படி ஏற மூச்சு வாங்கியது. தெற்கில் இருக்கும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தமிழ் வராத ஒரு சிங்களப் பிள்ளை, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையை நீட்டி, சிரித்துக்கொண்டே கழற்றச் சொன்னாளாம். யதுசாவின் கையில் கொடியைக் கொடுத்துவிட்டு மிஸ் நின்றார். நிழல் விலகியது. அதற்குக் கீழே, நுரையீரலின் மேல்முனையில், கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. கார்த்திகை மழை தொடங்கிய கிழமை எங்கள் றோஸ்மேரி மிஸ் கண்ணை மூடினார்.

முந்தித் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? அங்கிருந்த வைத்தியரிடம் கேட்டேன். "சொல்லேலாது" என்றார். நானும் சொல்லவில்லை. இறந்தவரை வைத்து யாரையும் கொலைகாரர் ஆக்க நான் வரவில்லை. சூசைதாசன் அண்ணை கேட்டுக்கொண்டதும் அதுதான். "அந்தப் பெடியனை ஒருத்தரும் குறைசொல்லிப் பேசக்கூடாதெண்டு அவா கடைசிமட்டும் சொன்னவா" என்றார். அண்ணை, அந்தப் பெடியனை நான் பேசவில்லை. அவருக்குக் கேட்கப் பழக்காமல் சான்றிதழ் கொடுத்து அனுப்பிய எங்களைத்தான் பேசுகிறேன்.

அவையோரே, எங்களுக்கு மரியாதை தெரியும். யார் வந்தாலும் எழும்புவோம், கதிரை கொடுப்போம், பொன்னாடை போர்த்துவோம். ஆனால் அவருக்கு அன்று தேவைப்பட்டது மரியாதையா? ஒரு கேள்வி! ஒரே ஒரு கேள்வி! எல்லா ஆச்சிமாரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை அவரிடமும் கேட்க ஒரு ஆள்! வன்னி முழுக்க இயந்திரத்துக்கு ஆள் பழக்கிவிட்ட அந்த மனுசிக்கு, சொந்த ஊரில் அதைக் கேட்க ஒருவர் இல்லாமல் போய்விட்டார். இதைவிட எங்களுக்கு வேறென்ன வெட்கம் வேண்டும்?

முதல்வர் அவர்களே! இந்த மண்டபத்துக்கு அவருடைய பெயரை வைக்கலாம் என்று சற்று முன் சொன்னீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெயர் வேண்டாம் ஐயா, வகுப்பைத் தாருங்கள். அச்சடித்த நேரசூசி போனால் போகட்டும். புள்ளி இல்லாவிட்டால் இல்லாமல் இருக்கட்டும். செய்முறை வகுப்பை யார் நடத்துவது என்று கேட்பீர்கள். மேனுகா கிழமையில் ஒரு நாள் வரச் சம்மதித்திருக்கிறார். நோயாளியாகக் கதிரையில் இருந்து சீற நான் வருகிறேன். எனக்குப் பௌதிகவியல் அவ்வளவு வராது, ஆனால் சீற வரும், அது இங்கே எல்லோருக்கும் தெரியும். முதல்வர் தலையை ஆட்டுகிறார். ஐயா, நாங்கள் தலையாட்டுவதில் வல்லவர்கள் என்று இப்போதுதான் சொன்னேன். வாயால் சொல்லுங்கள். ... நன்றி ஐயா. எல்லோரும் கேட்டீர்கள். அடுத்த கிழமை வகுப்புத் தொடங்குகிறது.

புதிய பிள்ளைகளே! உங்களை இங்கே அழைத்தது அழுவதற்காக அல்ல. நீங்கள் அவரைக் காணவில்லை. காணாத ஒருவருக்காக அழுவது வேடம். நீங்கள் படிக்கப் போகிற ஒளி, ஒலி, அமுக்கம், கதிர் எல்லாம் ஒரு மனிதரின் உடம்புக்கு முன்னால் போய்த்தான் நிற்கும். அந்த மனிதர் உங்களுடைய சொந்தக்காரராக இருப்பார், உங்கள் ஊர்த் தலைவராக இருப்பார், உங்களுக்குப் படிப்பித்தவராக இருப்பார். சின்ன ஊர் இது. தெரியாத ஆள் வருவார் என்று காத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் வழக்கப்படி எல்லோரும் எழும்பி மௌன அஞ்சலி செலுத்த வேண்டும். நிகழ்ச்சி நிரலிலும் அப்படித்தான் இருக்கிறது. என்னை மன்னியுங்கள். அவருக்கு முன்னால் நாங்கள் ஏற்கெனவே மௌனமாக நின்றுவிட்டோம். அவருக்கு இன்னுமொரு மௌனம் வேண்டாம்.

எழும்புங்கள். மாணவர்கள், பழைய மாணவர்கள், கல்விக்குழுவில் இருந்தவர்கள், எல்லோரும் எழும்புங்கள். வாய்விட்டுச் சொல்வோம். ஒரு சாவீட்டுத் துக்கத்தில், கணவரை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லக்கூடாத சொல் இது என்று எனக்குத் தெரியும். சூசைதாசன் அண்ணை, உங்களிடம் அனுமதி கேட்டேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லட்டும்" என்றீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நான் முதலில் சொல்கிறேன், நீங்கள் பின்னால் சொல்லுங்கள்.

"மிஸ், கொடியைக் கழட்டி மகளிட்டக் குடுங்கோ. இந்த நூலைக் கட்டிக்கொண்டு வாங்கோ. படம் எடுப்பம்."